அண்ணாச்சியின் வேட்டி

டிசம்பர் 2, திங்கள்

இயக்குநரகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனிமேல் அருங்காட்சியகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் கதை சொல்ல வேண்டுமாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கதை சொல்லாத பொருட்கள் "உரிய முறையில் அப்புறப்படுத்தப்படும்". நான் ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். எனக்கும் சொல்லிக்கொள்ளக் கதை கிடையாது. ஒரு மாதம் சலுகை கொடுத்திருக்கிறார்கள் போல.

வாசல் பலகையில் "தென்காவூர் கலை மற்றும் அறிவியல் அருங்காட்சியகம்" என்று இருக்கிறது. கலை என்றால் மூக்குடைந்த கற்சிலைகள், தந்தி இல்லாத ஒரு வீணை. அறிவியல் என்றால் பஞ்சடைத்த முதலை, பாட்டிலில் இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி, கைப்பிடியைச் சுற்றினால் பொறி பறக்கும் எந்திரம் (பறக்காது), அப்புறம் அண்ணாச்சி.

அண்ணாச்சி ஒரு மனித எலும்புக்கூடு. அசல். 1966-ல் கல்கத்தாவிலிருந்து ரயில் பார்சலில், வைக்கோல் அடைத்த பெட்டியில் வந்தவர். பதிவில் "மனித எலும்புக்கூடு, ஆண்" என்று இருக்கிறது. அன்றிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறார். இடுப்பில் வேட்டி கட்டியிருக்கிறார்.

வேட்டிக்கு வரலாறு உண்டு. எனக்கு முன்னால், அதற்கும் முன்னால் இருந்த காப்பாட்சியர் ஒருவர், பெண்கள் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்தபோது பதறிப்போய்த் தன் துண்டை அவிழ்த்து எலும்புக்கூட்டுக்குக் கட்டிவிட்டார். துண்டு பிறகு வேட்டியாயிற்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் புது வேட்டி. கூடத்து உதவியாளர் தளவாய்தான் மாற்றுவான். நான் இங்கே காப்பாட்சியராக வந்த முதல் பொங்கலுக்கு உள்ளே நிற்கப் போனேன்.

"மேடம், நீங்க வெளிய நில்லுங்க. நான் மாத்திக்கிடுதேன்."

"எலும்புக்கு என்னய்யா வெட்கம்?"

"அண்ணாச்சிக்கு இருக்கும்லா மேடம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் வெளியேதான் நிற்கிறேன். மதியச் சாப்பாட்டை அவருக்கு எதிரே உள்ள பெஞ்சில்தான் சாப்பிடுகிறேன். குழம்பில் உப்பில்லை என்றால் அவரிடம்தான் சொல்கிறேன். கதை இல்லை என்று அவரை அப்புறப்படுத்தினால் எனக்குத் தாங்காது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 4, புதன்

நல்ல மழை. இடது கை வலிக்கிறது, பழைய முறிவு. படியில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் அப்படித்தான் எழுதினார்கள், அப்பாவும் அப்படித்தான் சொல்லச் சொன்னார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

கதை எழுதிக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருக்கிறார்கள். நிறுவனத்தின் சார்பில் ரித்விக் என்பவர் வந்தார். வயது முப்பத்தைந்து இருக்கும். தாடிக்கு எண்ணெய் தடவியிருந்தார். தலைக்குத் தடவவில்லை.

முதலையின் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டார். "மேம், இந்த முதலை நம்மகிட்ட என்ன சொல்ல வருது?"

"செத்துப்போச்சுன்னு சொல்லுது."

சிரிக்கவில்லை. போனில் குறித்துக்கொண்டார்.

அண்ணாச்சியிடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாவ். இவர் யாரு?"

"அண்ணாச்சி" என்றான் தளவாய்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"எல்லாருக்கும் பொதுதான் சார்."

கல்கத்தாவையும் ரயில் பார்சலையும் நான் சொன்னேன். ரித்விக் கையை உயர்த்தித் தடுத்தார். "மேம், அது ஸ்டோரி இல்ல. அது ட்ரான்ஸ்போர்ட்." பிறகு கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். அண்ணாச்சியின் இடது முன்கை எலும்பு ஒரு இடத்தில் முண்டும் முடிச்சுமாக, லேசாகக் கோணிப்போய் இருக்கும். "இது என்ன மேம்? போர்க்காயமா?"

"உடைஞ்சு கூடின எலும்பு."

"எப்படி உடைஞ்சிருக்கும்?"

தெரியாது என்றேன். தெரியும்.

டிசம்பர் 10, செவ்வாய்

தம்பி சென்னையிலிருந்து போன் பண்ணினான். ஓய்வு பெற்றதும் அங்கேயே வந்துவிட வேண்டுமாம். "தனியா அங்க என்னக்கா பண்ணப்போற? இங்க வந்தா பேரப்பிள்ளைங்களப் பாத்துக்க ஒரு ஆளாச்சு." ஆளாச்சு என்ற சொல்லை அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறு சொல் கிடைத்திருக்கும், அர்த்தம் அதேதான் இருந்திருக்கும்.

கல்யாணமாகிப் போன வீட்டில் எட்டு மாதம் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். பிறகு அரசு வேலை, அரசுக் குடியிருப்பு, அரசு எலும்புக்கூடு. குறை ஒன்றுமில்லை. பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கத்தரிக்காய் வாங்க மறந்துபோனேன்.

டிசம்பர் 19, வியாழன்

கதை வந்து மூன்று நாளாகிறது. ஆளுயரப் பலகையும் சிவப்புப் பொத்தானும் வைத்திருக்கிறார்கள். அமுக்கினால் ஒலிபெருக்கியிலிருந்து குரல் வருகிறது. தொலைக்காட்சித் தொடரில் சொத்துக்காக அண்ணனைக் கொல்கிறவனின் குரல்:

"தென்காவூர்க் கோட்டையின் கடைசிக் காவலன் பேசுகிறேன்! என் இடக்கையைப் பார்! வெள்ளையனின் வாள் இறங்கிய கை இது! எலும்பு உடைந்தது, என் உறுதி உடையவில்லை!"

தளவாய் ஆடிப்போய்விட்டான். "இத்தன வருசமா ஒரு வார்த்த பேசாம இருந்துட்டாவளே!" என்றான்.

தென்காவூரில் கோட்டை இருந்ததே இல்லை. கோட்டைமேடு என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது, ரித்விக்குக்கு அது போதும். இது பொய் என்று சொன்னேன். "கற்பனைன்னு கீழ போட்டிருக்கோம் மேம்" என்றார். குனிந்து பார்த்தேன். போட்டுத்தான் இருக்கிறது, எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவில்.

ஒப்புதல் படிவத்தில் இரண்டு நாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இருந்தேன். மூன்றாம் நாள் போட்டுவிட்டேன். மார்ச் தாண்டியும் அண்ணாச்சி அந்தப் பெட்டிக்குள் நிற்க வேண்டும். அதற்காக அவர் பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

கூட்டம் தாங்கவில்லை. ஒதுங்குவதற்கு மட்டும் இங்கே வந்துகொண்டிருந்த ஊர், இன்று டிக்கெட் வாங்கி உள்ளே வந்து பொத்தானை அமுக்குகிறது. வில்லனுக்கு நாளெல்லாம் முழங்கி மாலையில் தொண்டை கட்டிவிட்டது. பேட்டரி மாற்றினோம்.

மேலத்தெருவிலிருந்து ரைஸ்மில் சிவதாணு நாலு பேருடன் வந்தார். மேலத்தெரு பேரவையின் தலைவர் அவர். முழுக் கதையையும் கைகட்டிக் கேட்டுவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"எல்லாஞ் சரி மேடம். அண்ணாச்சி எந்தத் தெரு?"

எங்கள் ஊரில் தெரு என்றால் தெரு மட்டுமில்லை. அதற்குமேல் நாட்குறிப்பில்கூட விளக்க மாட்டேன், எனக்கு இன்னும் நாலு மாதம் வேலை இருக்கிறது. "கல்கத்தாவிலேருந்து வந்தது" என்றேன்.

சிவதாணு சிரித்தார். "அந்த ஒசரத்தையும் தோளையும் பாத்தா தெரியலையா? எங்க ஆளுல்லா!"

மதியம் கீழத்தெரு சங்கச் செயலாளர் வக்கீல் சௌந்தரராஜன் வந்தார். அண்ணாச்சியின் நெற்றியை வெகுநேரம் பார்த்துவிட்டு, அது கீழத்தெரு நெற்றி என்று தீர்ப்புச் சொன்னார். அவரிடமும் கல்கத்தாவைச் சொன்னேன்.

"கரெக்ட் மேடம். வெள்ளைக்காரன் எங்க ஆளப் புடிச்சு கல்கத்தாவுக்குக் கடத்தியிருக்கான். செத்தும் சொந்த ஊருக்கே திரும்பி வந்திருக்காரு பாத்தீங்களா!"

சட்டம் படித்தவர்கள் வாயில் எந்த உண்மையைப் போட்டாலும் நெய் விட்டுப் பிசைந்துவிடுகிறார்கள்.

ஜனவரி 5, ஞாயிறு

ஊரெல்லாம் போஸ்டர். மேலத்தெரு போஸ்டரில் "மாவீரன் கோட்டைக்காவலர்" என்று ஒருவர் முறுக்கு மீசையோடு வாள் பிடித்து நிற்கிறார். முகம் சிவதாணுவின் அக்காள் மகன் முகம். கீழத்தெரு போஸ்டரில் அதே கோட்டைக்காவலர் குதிரைமேல் இருக்கிறார், முகத்துக்கு யாரும் சம்மதிக்கவில்லை போல, முதுகைக் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் குருபூஜை அறிவித்திருக்கிறார்கள். அவர் பிறந்த நட்சத்திரம் ஒரு தெருவுக்கு மகம், மற்ற தெருவுக்கு உத்திரம்.

கண்ணாடிப் பெட்டி மாலைகளுக்குள் மறைந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் எனக்கு அவர் முகமே தெரிவதில்லை. ஒரு அம்மாள் சூடம் ஏற்றப் போனாள். தீயணைப்புக் கருவியைக் காட்டித் தடுத்தேன்.

இயக்குநர் போனில் பாராட்டினார். மாநிலத்திலேயே முன்மாதிரி அருங்காட்சியகம் என்றார். இருபது வருடமாக நான் எழுதி வைத்த பெயர்ச்சீட்டுகளை ஒருவரும் படித்ததில்லை.

ஜனவரி 9, வியாழன்

பொங்கல் வேட்டி யாருடையது என்று தகராறு. மேலத்தெரு மஞ்சள் கரை வேட்டியைத் தாம்பாளத்தில் வைத்து மேளத்தோடு கொண்டுவந்தது. கீழத்தெரு பச்சைக் கரை வேட்டியை அதைவிடப் பெரிய தாம்பாளத்தில் கொண்டுவந்தது. வாசலிலேயே கைகலப்பு. ஒரு நாதஸ்வரம் உடைந்துவிட்டது.

தளவாய் நடுங்கிப்போய் என்னிடம் வந்தான். "நான் எந்தக் கரையக் கட்டினாலும் மத்தவம் என்ன ஊர்ல இருக்க விடமாட்டான் மேடம். எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு."

கோட்டாட்சியர் வந்து முடிவு சொன்னார். கரையே இல்லாத வெள்ளை வேட்டி. யாரும் இல்லாத நேரத்தில், காப்பாட்சியரே மாற்ற வேண்டும். "மேடம் எந்தத் தெருவும் இல்லையே" என்றார். வெளியூர்க்காரி, தனியாள், சொல்லிக்கொள்ள ஆளில்லாதவள் என்பதை இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஜனவரி 13, திங்கள்

வேட்டி மாற்றினேன். இன்று சமைக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

அருங்காட்சியகம் விடுமுறை. கரும்பு வாங்கி வந்தேன், கடிக்கப் பல் ஒத்துழைக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

பழைய வேட்டியை அவிழ்த்தேன். இடுப்பெலும்பைப் பார்த்தேன். முன்பக்கம் இரண்டு எலும்பும் சேருகிற இடத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கும். ஆணுக்கு அது குறுகலாக இருக்கும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்தால் எவ்வளவு, அவ்வளவு. பெண்ணுக்குக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்த அளவுக்கு அகன்றிருக்கும். என் விரலை உள்ளே வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கச்சிதமாகப் பொருந்தின.

முதுகலை விலங்கியல் படித்தவள் நான், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். இத்தனை வருடம் ஒருத்திக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, வேட்டியைப் பார்த்து ஆண் என்று நம்பியிருக்கிறேன். பிறகு மண்டையோட்டைப் பார்த்தேன். நெற்றி, தாடை எல்லாம் அதையேதான் சொல்கின்றன. வக்கீல் பார்த்த கீழத்தெரு நெற்றி ஒரு சின்னப் பெண்ணுடைய நெற்றி. முப்பது வயது தாண்டியிருக்காது.

முதலில் சிரிப்பு வந்தது. ஊரே மீசை வரைந்துகொண்டிருக்கிறது! பிறகு அந்த இடது கையைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டிவிட்டேன். வாயைத் திறக்கப் போவதில்லை. சொன்னால் கூட்டம் போய்விடும், கூட்டம் போனால் கதை போய்விடும், கதை போனால் இவளும் போய்விடுவாள். மாவீரனாகவே இருக்கட்டும். ஆம்பிளை வேஷம் போட்டால்தான் நிற்க இடம் உண்டு என்றால் போட்டுக்கொள்ளட்டுமே, என்ன கெட்டுப்போகிறது?

ஜனவரி 19, ஞாயிறு

கெட்டுப்போய்விட்டது. மேலத்தெரு அண்ணாச்சியின் எலும்பை ஊர்வலமாகக் கொண்டுபோய் மணிமண்டபம் கட்டப்போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கீழத்தெருப் பையன்கள் கோட்டைமேட்டில் பேருந்தை மறித்துக் கல்லெறிந்தார்கள். பதிலுக்கு மேலத்தெரு இன்னொரு பேருந்தில் எறிந்தது. அதில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி, முகத்துக்கு நேரே வந்த கல்லைக் கையை வைத்துத் தடுத்திருக்கிறாள். கண் தப்பிவிட்டது. முன்கை உடைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இடது கை. மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். "அந்த அண்ணாச்சி யாரு மேடம்? எனக்கு அவரத் தெரியவே தெரியாதே" என்று அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. வெளியே வந்து அழுதேன். கையெழுத்துப் போட்டவள் நான்தானே.

ஜனவரி 21, செவ்வாய்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். ஒரு பக்கம் சிவதாணுவும் மேலத்தெருவும், எதிரே வக்கீலும் கீழத்தெருவும், நடுவில் போலீஸ். எலும்புக்கூட்டை வருடத்தில் ஆறு மாதம் மேலத்தெருவிலும் ஆறு மாதம் கீழத்தெருவிலும் வைக்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. லீப் வருடத்தில் மிச்சமாகும் ஒரு நாள் யாருக்கு என்பதில் மறுபடி சண்டை.

கோட்டாட்சியர் களைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "மேடம் ஏதாவது சொல்றீங்களா?"

"அது பொம்பளை சார்."

"எது?"

"அண்ணாச்சி."

சிவதாணு எழுந்துவிட்டார். "மேடம், வெளையாடாதீங்க! எங்க மாவீரனக் கேவலப்படுத்துதீங்க!"

"ஆதாரம்?" என்றார் வக்கீல்.

விரலை விரித்துக் காட்டி விளக்கினேன். கூட்டத்தில் இருந்த அரசு மருத்துவர் தலையாட்டினார். சந்தேகம் இருந்தால் நேரிலேயே வந்து வேட்டியை அவிழ்த்துப் பார்க்கலாம் என்றேன். ஒருவரும் எழவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வெட்கம்.

"சரி, அந்தக் கை? வாள் வெட்டு இருக்குல்லா?" சிவதாணு விடவில்லை.

"வாள் பட்டா எலும்புல வெட்டுத் தடம் இருக்கும். இதுல அது இல்லை. இது கம்பு, இல்லாட்டி விறகு. தலையில விழ வந்த அடியைக் கையை வச்சுத் தடுத்திருக்கா." என் இடது கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். "அடிக்கிறவனுக்கு வலது கைப்பழக்கம்னா, எதிர்ல நிக்கிறவளுக்கு இந்தக் கைதான் உடையும். இந்த இடத்துலதான் உடையும்."

"அடிச்சது வெள்ளைக்காரனாத்தான இருக்கும்?" வக்கீல் கடைசி ஆசையாகக் கேட்டார்.

"இருக்கலாம். பெரும்பாலும் வீட்டு ஆளாத்தான் இருக்கும்."

"இவ்வளவு உறுதியா எப்படி மேடம் சொல்றீங்க?" என்றார் கோட்டாட்சியர்.

புத்தகத்தில் இருக்கிறது என்றேன். இருக்கத்தான் செய்கிறது. தூக்கிய கையை இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிவதாணுதான் முதலில் பேசினார். "பொம்பளைன்னா அது எங்க தெருவா இருக்க வாய்ப்பில்ல சார். எங்க பொம்பளைய வாசல்நடை தாண்ட மாட்டாவ."

"எங்க தெருவும் இல்ல" என்றார் வக்கீல் அவசரமாக. "எங்க வீட்டுப் பொம்பளையள இப்படிக் கண்ணாடிக்குள்ள நிக்க விடுவமா?"

இந்த ஊர் சரித்திரத்தில் முதல்முறையாக இரண்டு தெருவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. கோட்டாட்சியருக்கு வாயெல்லாம் பல். வடையும் காப்பியும் வந்தன. சிவதாணுவும் வக்கீலும் கைகுலுக்கிக்கொண்டார்கள். போகும்போது ஒருவர் என்னிடம், அண்ணாச்சிக்குப் பேரவை போட்ட வெள்ளிக் காப்பு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டார்.

ஜனவரி 22, புதன்

இன்று வந்தவர் ஒருவர். கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

பிப்ரவரி 3, திங்கள்

ரித்விக் போன். குரலில் அவ்வளவு உற்சாகம். "மேம், இது இன்னும் சூப்பர்! வீரமங்கை! வாள் பிடிச்ச பெண் சிங்கம்! இப்ப இதுதான் மேம் போகுது!"

"கையைப் பத்தி நான் சொன்னதைப் போடுவீங்களா?"

கொஞ்சம் இழுத்தார். "அது டார்க்கா இருக்கு மேம். ஃபேமிலியா வர்றாங்கல்ல."

நன்றி, நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உட்கார்ந்து எழுதினேன்:

"பெண். வயது முப்பதுக்குள். பெயர் தெரியவில்லை. ஊர் தெரியவில்லை. இடது முன்கை ஒருமுறை முறிந்து, யாரும் கட்டுப் போடாமல், தானாகவே கூடியிருக்கிறது. அதன் பிறகும் சில வருடம் உயிரோடு இருந்து, அந்தக் கையாலேயே வேலை செய்திருக்கிறாள்."

மார்ச் கெடுவுக்கு இதுதான் எங்கள் கதை என்று இயக்குநரகத்துக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. "தாங்கள் அனுப்பியது கதை அல்ல, விவரம்." கூடவே இன்னொரு பத்தி. அசல் மனித எலும்பைக் காட்சிக்கு வைப்பது இக்காலத்துக்குப் பொருத்தமில்லை என்றும், தகுந்த மரியாதையுடன் தகனம் செய்துவிட்டு அதற்குப் பதில் ஃபைபர் எலும்புக்கூடு வைக்கலாம் என்றும் துறை கருதுகிறது. ஆணாக இருந்த ஐம்பத்தெட்டு வருடமும் துறை இப்படிக் கருதவில்லை.

கோபத்தில் பதில் எழுதினேன். கிழித்தேன். இன்னொன்று எழுதினேன். அதை அனுப்பிவிட்டேன். ஒன்றும் நடக்காது என்று தெரிந்துதான் அனுப்பினேன்.

பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். "மன்னிச்சுக்கோ, உன்னைக் காப்பாத்தத் தெரியலை." வாய்விட்டுத்தான் சொன்னேன். தளவாய் வாசல்படியில் நின்றிருந்தான். கேட்காத மாதிரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

மேலத்தெரு சுடுகாட்டில் இடமில்லை என்றார்கள். மணிமண்டபத்துக்கு ரெண்டு ஏக்கர் தருவதாகச் சொன்னவர்கள். கீழத்தெரு சுடுகாட்டில் வேற்று ஆளை எரிக்க ஊர்க்கட்டுப்பாடு இடம் கொடுக்காதாம். நகராட்சி எரிவாயு மயானத்தில் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எரிவாயுவுக்குத் தெரு கிடையாது.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் என் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மெரூன் நிறம், இரண்டு தடவைதான் கட்டியது. தளவாய் பெட்டியைத் திறந்து, மாலை காய்ந்த சருகையெல்லாம் கூட்டினான். பிறகு தயங்கி நின்றான்.

"வேட்டிய நீங்க எடுங்க மேடம். நான் வெளிய நிக்கேன்."

போய்க் கதவுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டான். சேலையைச் சுற்றி, மடிப்பு வைத்து, முந்தானையை அந்த இடது கைமேல் போட்டேன்.

வேனில் போகும்போது கேட்டான். "இனிம எப்படிக் கூப்பிட மேடம்? அண்ணாச்சின்னே வாயில வருது."

"அக்கான்னு கூப்பிடு."

மயானத்தில் சட்டைப் பையில் பேனா செருகிய ஒருவர் கேட்டார். "பேரு?"

"தெரியாது."

"ஊரு?"

"தெரியாது."

நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

தளவாய் என் முகத்தைப் பார்த்தான். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல்தான் இரண்டு தெருவும் ஓடிப்போயிருந்தன.

"ஆபீஸ்ல கூட வேலை பாத்தவங்க" என்றேன்.

"ரொம்ப வருச சர்வீஸோ?"

"அறுபத்தாறுல சேந்தாங்க. என்னைவிட சீனியர். ஒருநாள் லீவு போட்டதில்லை."

அவர் என்ன நினைத்தாரோ, பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். பணி ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாலை போட்டு அனுப்புவது எங்கள் துறை வழக்கம். தளவாய் ரோஜா மாலை வாங்கி வந்திருந்தான். "போயிட்டு வாங்கக்கா" என்று சொல்லிப் போட்டான்.

பிப்ரவரி 20, வியாழன்

ஃபைபர் எலும்புக்கூடு வந்து இறங்கியது. பளபளவென்று இருக்கிறது. தாங்கியில் நகைக்கடைப் பெயரோடு "உபயம்" என்று பொறித்திருக்கிறது. தளவாய் பழக்கத்தில் வேட்டியோடு வந்தான். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

மதியம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கை நேராக, வழவழவென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிவிட்டு, தம்பிக்கு நானே போன் பண்ணினேன்.

"ரிட்டயர் ஆனதும் நான் அங்க வரலைடா. இங்கதான் இருக்கப்போறேன்."

"ஏன்க்கா, என்னாச்சு திடீர்னு?"

"ஒண்ணுமில்ல. இன்னொன்னு சொல்லணும். நான் அன்னைக்குப் படியில விழலை. அவர் விறகுக்கட்டையால அடிச்சார்."

அவனுக்குப் பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தான் போல, சத்தம் நின்றது.

"தெரியும்க்கா" என்றான்.